இரண்டு அடுப்புள்ள வீடு

கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
14-2-1960

சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு அண்ணன் வெங்கடரமணன் ஆசீர்வாதம்.

இங்கு உன் அண்ணி கமலம்மா, உன் சம்சாரம் யசோதா, குழந்தைகள் ஐவரும் சுகம். சென்ற இரண்டாம் சனிக்கிழமை நீ வராததற்குக் காரணம் எழுதியிருந்தாய். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பரீட்சைத் தாள் திருத்துவது திருப்பதியில் மட்டும்தான் முடியும் என்பதில்லை.

விஷயம் இது. மே மாதத்தில் கோர்ட்டுக்கும் உன் பள்ளிக்கூடத்துக்கும் சேர்ந்தே விடுமுறை. நம் குழந்தைகளில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. உன் அண்ணி பார்த்திருக்கிறாள், ரயிலிலிருந்து. அதைப் பார்த்ததாகக் கொள்ள முடியாது. கடற்கரை ஊர் ஒன்றில் பத்து நாள் வீடு எடுத்துத் தங்கி, நாமே சமைத்துச் சாப்பிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். எந்த எண்ணெயில் என்ன பொரிந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாத இடம் ஓட்டல், அது வேண்டாம். அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி, ஊறுகாய் ஜாடி எல்லாம் இங்கிருந்து வரும். ஆட்டுக்கல்லைத் தூக்கி வர முடியாது. அது வீட்டில் இருக்க வேண்டும். உவர்ப்பில்லாத கிணறு வேண்டும். கிணறு நல்லதென்று வீட்டுக்காரன் சொன்னால் போதாது, குடித்தவன் சொல்ல வேண்டும்.

மைப்பாடு, பழவேற்காடு, மகாபலிபுரம் ஆகிய மூன்றையும் விசாரித்து, நல்லது கெட்டது இரண்டையும் எழுது.

இன்னொன்று. ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறுகிறது. நகரிப் பக்கத்து நன்செய் ஆந்திராவிலேயே இருக்கும்; பள்ளிப்பட்டுப் பக்கத்து மாந்தோப்பு சென்னை ராஜ்யத்துக்குப் போகும். நைனா விட்டுச் சென்றது இரண்டு ராஜ்யங்களில் கிடக்கப்போகிற இந்த நேரத்தில், நாம் பிரியாமல் இருப்பது முன்னைவிட அவசியம். நீ அறிந்ததுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உன் அண்ணன்,
வெங்கடரமணன்

காந்தி ரோடு, திருப்பதி
22-2-1960

அன்புள்ள அண்ணாவுக்கு நாகேந்திரன் வணக்கம்.

கடல் என்று நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உண்மைதானா என்று பார்க்கத்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கங்கையா மூன்று ஊர்களுக்கும் போனவர். மைப்பாட்டில் கடல் அழகாம். ஆனால் குடும்பத்தோடு தங்கிச் சமைக்கிற வீடு கிடைப்பது அரிதாம். மகாபலிபுரத்தில் வீடு கிடைக்கும், பார்க்க வருகிற கூட்டமும் வாசலில் நிற்குமாம். பழவேற்காட்டில் பாலையா என்ற படகுக்காரர் வீடு ஏரிக்கரையில் இருக்கிறது. படகில் ஏரியைத் தாண்டினால் கடல். ஆட்டுக்கல் உண்டு. கிணற்றுத் தண்ணீரைக் கங்கையா நான்கு நாள் குடித்து இன்றும் உயிரோடு பாடம் நடத்துகிறார். உங்களுக்குச் சாட்சி போதும் என்று நினைக்கிறேன். கூடூர் போய் வண்டி மாறிப் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது.

எனக்குப் பழவேற்காடுதான் பிடிக்கிறது. பாலையாவுக்கு எழுதியிருக்கிறேன். பதிலை உங்கள் விலாசத்துக்கே அனுப்பச் சொன்னேன். நீங்கள் பார்த்து முடிவு செய்வதுதான் முறை.

அண்ணிக்கு வணக்கம்.

தம்பி,
நாகேந்திரன்

சித்தூர்
3-3-1960

சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு.

பாலையாவின் கார்டு நேற்று வந்தது. அதில் உள்ளபடியே எழுதுகிறேன்: "தாங்கள் கேட்டபடி இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு அடுப்படி தனித்தனியே உண்டு. ஒன்றின் புகை மற்றொன்றுக்கு வராது."

'தாங்கள் கேட்டபடி' என்கிறார். ஆகவே நீ கேட்டிருக்கிறாய். எனக்கு எழுதிய கடிதத்தில் கிணறு இருக்கிறது, ஆட்டுக்கல் இருக்கிறது, படகு இருக்கிறது. அடுப்பு இல்லை.

நாம் எப்போதிலிருந்து இரண்டு குடும்பம்?

சென்ற வருஷம் நான் நடத்திய பங்காளி வழக்கு உனக்கு நினைவிருக்கும். அண்ணன் தம்பி பிரிந்தார்களா இல்லையா என்பதே கேள்வி. பக்கத்து வீட்டு ஜெயம்மாவைக் கூண்டில் ஏற்றி நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது? இரண்டு என்றாள். தனிச் சமையல் மட்டுமே பிரிவினையை நிரூபித்துவிடாது. ஆனாலும் அதற்குப் பிறகு எதிர்க்கட்சி எழுந்திருக்கவில்லை. இதைச் சாப்பிடும்போது உன்னிடம் நானே சொன்னேன். நீ சிரித்தாய். ஏன் சிரித்தாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

பழவேற்காடு சென்னை ராஜ்யத்தில் இருக்கிறது. தோப்பும் அடுத்த மாதம் அங்கே போகிறது. மூன்று ஊர்களில் அந்த ஊரையே நீ தேர்ந்தெடுத்ததும், மூன்றாம் மனிதர் கைப்பட 'இரண்டு குடும்பம்' என்ற எழுத்து என் வீட்டுக்கே வந்து சேர்ந்ததும் தற்செயலாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பதில் எழுது.

வெங்கடரமணன்

திருப்பதி
8-3-1960

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

கடலுக்குப் போகலாம் என்று அழைத்துவிட்டுக் கூண்டில் ஏற்றிவிட்டீர்களே. ஒன்பது பேர் போகிறோம். ஒரு குடும்பம் என்று எழுதினால் ஒரே அறையைக் காட்டிவிடுவார் என்று இரண்டு என எழுதினேன். இரண்டாவது அடுப்பு குழந்தைகளுக்கு வெந்நீர் போட உதவும். அவ்வளவுதான். தோப்பை நான் பார்த்தே மூன்று வருஷமாகிறது.

இதற்கு மேல் யோசிக்காதீர்கள். இடத்தை உறுதி செய்து எழுதுங்கள்.

நாகேந்திரன்

சித்தூர்
17-3-1960

நாகேந்திரனுக்கு.

மே மாதத்தில் பழவேற்காட்டில் வெந்நீரா? கடற்காற்றில் வியர்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு யார் வெந்நீர் ஊற்றுவார்கள்? பொய் சொல்லப் பழகாதவன் நீ. அதனாலேயே இது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

யசோதாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு புதுக் கல்சட்டி, இரண்டு கரண்டி, களி கிண்டும் துடுப்பு ஒன்று, தனியாக இடித்த மிளகாய்ப்பொடி ஆகியவை இருந்ததை உன் அண்ணி பார்த்தாள். நான் தேடச் சொல்லவில்லை. போர்வை எடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. தம்பி மனைவியிடம் நான் நேரில் பேசுவது வழக்கமில்லையாதலால், அண்ணியை விட்டுக் கேட்கச் சொன்னேன். நான் கூடத்தில் இருந்தேன். யசோதா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னாத்துக்கு யசோதா இந்தப் புதுச் சட்டி? நம்ம வூட்ல சட்டியா இல்ல?" என்று கேட்டாள் அண்ணி.

கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள். பிறகு, "அவரையே கேளுங்க அக்கா. என் வாயால சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்றாள்.

என் அனுபவத்தில், வேறு மாதிரி ஆகிவிடும் என்று ஒருவர் பயப்படும் விஷயம் பெரும்பாலும் வேறு மாதிரியான விஷயமாகவே இருந்திருக்கிறது.

நீ குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. உன்னையும் என்னையும் காப்பாற்ற ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். 'பழவேற்காட்டில் பத்து நாள் தனித்தனியே சமைப்பது வசதியை முன்னிட்டேயன்றி, பிரியாத குடும்ப நிலையை எவ்வகையிலும் பாதிக்காது' என்பது அதன் வாசகம். இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு அனுப்பு. மறுநாளே வீட்டை உறுதி செய்கிறேன்.

வெங்கடரமணன்

திருப்பதி
25-3-1960

அன்புள்ள அண்ணாவுக்கு.

வெந்நீர் பொய்தான். யசோதா சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சொன்ன பொய். இப்போது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நம் வீட்டுச் சமையலறையில் அவள் அரிந்திருக்கிறாள், அரைத்திருக்கிறாள், கழுவியிருக்கிறாள். இன்றைக்கு என்ன சமையல் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சாமான் அறைச் சாவி அண்ணியிடம் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம்தான். அண்ணி ஒரு குறையும் வைத்ததில்லை. வெதுருகுப்பத்தில் யசோதாவின் பிறந்த வீட்டில் களியும், வேர்க்கடலை அரைத்து ஊற்றிய கத்தரிக்காய்க் குழம்பும் தினசரிச் சாப்பாடு. வக்கீல் வீட்டில் களி கிண்டக்கூடாது என்பது நம் வீட்டு ஏற்பாடு. பதினோரு வருஷமாக அவள் அதைக் கேட்டதில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம், நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாள் நான் சித்தூர் வந்தபோதுதான் கேட்டாள். "அக்கா கையால துன்னு துன்னு நம்ம பசங்களுக்கு என் கை ருசியே தெரியாது. அந்தப் பத்து நாளு எனக்குன்னு ஒரு அடுப்பு குடுங்க. அப்பறம் நான் எதுவும் கேக்கமாட்டேன்" என்றாள். அண்ணியின் மனம் நோகும் என்று பயந்தாள். அதனால்தான் கதவுக்குப் பின்னால் அந்தப் பதில்.

அவள் தனியாகச் சமைத்ததை நானும் இதுவரை சாப்பிட்டதில்லை, அண்ணா.

தாளைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். என் மனைவி பத்து நாள் குழம்பு வைப்பதற்கு இரண்டு சாட்சிகளை எங்கே போய்க் கூப்பிடுவேன்? எப்படிக் கூப்பிடுவேன்? இதைக் கிழித்துப்போட்டுவிட்டு எல்லோரும் வாருங்கள். ஒருநாள் அவள் அடுப்பில் நீங்களும் சாப்பிடலாம்.

நாகேந்திரன்

சித்தூர்
2-4-1960

நாகேந்திரனுக்கு.

நேற்று எல்லை மாறிவிட்டது. தோப்பு இப்போது வேறு ராஜ்யம்.

உன் கடிதத்தை நம்புகிறேன். ஆனால் நீ அதில் எழுதியிருப்பது என்ன என்று உனக்குத் தெரியவில்லை. 'எனக்கென்று ஒரு அடுப்பு' என்ற ஆசைக்கு நீ இரக்கமான பெயர் வைத்திருக்கிறாய். சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் பிரியும் எண்ணம். நான் சந்தேகித்ததை நீ மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டிருக்கிறாய். கையொப்பமிட மறுத்தும் இருக்கிறாய். சூது இல்லாதவனுக்கு ஒரு கையெழுத்தில் என்ன கஷ்டம்?

உன் நன்மைக்காக ஒன்று சொல்கிறேன். கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிய வழக்கோ பத்திரமோ வேண்டியதில்லை. பிரிகிறேன் என்று ஐயத்துக்கு இடமில்லாத ஒரு வாக்கியம் எழுதி மற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். ஆகவே இனி என்ன எழுதுகிறாய் என்பதில் கவனமாயிரு. உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக உள்ளன.

மைப்பாட்டில் ஒரே அடுப்புள்ள வீடு ஒன்று பார்த்துத் தருவதாக நெல்லூர் வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். அங்கே போவதானால் ஒன்பது பேரும் போகலாம். பழவேற்காட்டுக்கு நான் வருவதற்கில்லை.

வெங்கடரமணன்

பழவேற்காடு
6-5-1960

அண்ணாவுக்கு.

29ஆம் தேதி யசோதாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொள்ள வந்தபோது நீங்கள் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவருகே நின்று போய்வருகிறேன் என்றேன். உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது.

கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. குழந்தைகள் முதல்நாள் கடலைப் பார்த்துப் பயந்து அழுதார்கள். இப்போது கூப்பிட்டால் வருவதில்லை. முதல்நாள் யசோதா ஒன்பது பேருக்கு அரிசி போட்டுவிட்டாள். வடிக்கும்போதுதான் தெரிந்தது. பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிஞ்சிய சோற்றைப் பாலையா வீட்டுக்குக் கொடுத்தோம். இரண்டாம் நாள் களி அடிப்பிடித்தது. மூன்றாம் நாளிலிருந்து கை வந்துவிட்டது. அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை இத்தனை வருஷம் சாப்பிடாமல் இருந்தது எனக்கு நஷ்டம்தான். இன்னொரு அடுப்படி பூட்டிக் கிடக்கிறது.

பத்து நாளுக்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்கமாட்டாள். அதனால் நானே தீர்மானித்தேன். நீங்கள் கற்றுக்கொடுத்த ஒரு வாக்கியத்தை எழுதுகிறேன்.

நான், நாகேந்திரன், இன்று முதல் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிகிறேன்.

ஜூன் முதல் திருப்பதியில் வீடு எடுத்துக் குடியிருப்போம். பிப்ரவரியில் கடல் என்று நீங்கள் எழுதியபோது இந்த எண்ணம் என்னிடம் இல்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் இத்துடன் ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. பாலையாவும் அவர் அண்ணனும் சாட்சி. நிலம், தோப்பு எதுவானாலும் நீங்கள் என்ன எழுதிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணிக்கு யசோதாவின் நமஸ்காரம்.

நாகேந்திரன்

சித்தூர்
15-5-1960

சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு.

6ஆம் தேதியிட்ட உன் கடிதம் 9ஆம் தேதி கிடைத்தது. அதிலுள்ள வாக்கியம் சட்டப்படி செல்லும். நாம் பிரிந்தாயிற்று.

வெற்றுத் தாளைப் பற்றி. அதைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, இது ஒரு பொறி என்பதே. நான் அதில் எதையாவது எழுதினால், ஏமாற்றி வாங்கினான் என்று நாளை நீ வழக்குப் போடலாம். சாட்சிகளும் வேற்று ராஜ்யத்தவர். நான்கு நாள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மேஜையில் வைத்தேன். பீரோவில் பூட்டினேன். மறுபடி எடுத்தேன். நேற்று உன் அண்ணி சாப்பிடக் கூப்பிட வந்து நின்றாள். "அந்தக் காயிதத்த வெச்சிக்கினு இன்னும் இன்னாதான் பாக்குறீங்க? பொட்டியில வெக்கவும் பயம், எரிக்கவும் பயம். உங்க தம்பி உங்களண்ட குடுக்க பயப்படலையே" என்றாள். மைப்பாட்டுக்கு நாங்கள் போகவில்லை. இரண்டு வாரமாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பது பேருக்குச் சமைத்த கை.

சொத்து சரிபாதி. நன்செய்யிலும் பாதி, தோப்பிலும் பாதி. பத்திரத்தை நான் எழுதி அனுப்புகிறேன். அதை வேறொரு வக்கீலிடம் காட்டி, ஒவ்வொரு வரியையும் அவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகே நீ கையொப்பமிட வேண்டும். நான் எழுதியது என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதே.

வெற்றுத் தாளில் கையொப்பமிட்டு இந்த உலகில் எவரிடமும் கொடுக்கலாகாது. அண்ணனிடமும் கூடாது. என்னிடமும் கூடாது.

தாளைக் கிழித்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எட்டுத் துண்டுகள். தரையில் பரப்பி ஒன்றுசேர்த்துப் பார். கையெழுத்து இருக்கும் மூலை உட்பட முழுத் தாளும் வந்து சேர்ந்ததா என்று நீயே சரிபார்த்து, எட்டும் இருக்கின்றன என்று எனக்கு ஒரு கார்டு போடு. கார்டு வரும்வரை எனக்குத் தூக்கம் வராது.

உன் அண்ணன்,
வெங்கடரமணன்