முள்கம்பிமேல் ரோஜாக்கொடி

ஜூன் 3, சனி

காலையிலேயே வெக்கை. தண்ணீர் விடும் நாள், விடவில்லை.

என் பேரப்பிள்ளைகளில், பெரியவன் மகன் அந்தோணி சொந்தமாகப் பேனர் கடை போட்டுவிட்டான். அவன் தங்கை ரோஸி வத்தலக்குண்டில் டீச்சர். கடைக்குட்டி சேவியருக்கு ஞானோபதேசப் பரீட்சையில் முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடி சரியாக மூடவில்லை, ஆனாலும் முதல் பரிசு. எல்லாருக்கும் மேலே என் மகள் ஸ்டெல்லாவின் பிள்ளை ஜெனி. லண்டனில் படிக்கிறாள். பதினாறு வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு விமானம் ஏறிப் போலந்து தேசம் போய் வந்திருக்கிறாள். யூதர்கள் வாழ்ந்த தெரு, பழைய கோயில், கல்லறை எல்லாம் பார்க்கிற படிப்புப் பயணமாம். நான் ஐந்தாவது படித்தபோது எங்களைக் கூட்டிப்போனது சிறுமலை அடிவாரம் வரைக்கும்தான்.

இன்று அவள் போட்டோ தபாலில் வந்தது. இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு பல் முழுக்கச் சிரிப்பு. பின்னால் செங்கல் கட்டடம், முள்கம்பி வேலி. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் போல. நல்ல மில்.

எதிர்வீட்டு சூசையம்மாளிடம் காட்டினேன்.

"அம்புட்டுத் தூரம் போயி மில்லுக்கு முன்னாடியா நின்னா?" என்றாள்.

பேரன் பன்னிரண்டாவது பாஸானதற்கே தெருமுனையில் பேனர் வைத்தவள். அந்தத் திமிர்.

ஜூன் 5

அந்தோணி கடை. போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

"வேலி அசிங்கமா இருக்கு அப்பத்தா. தூக்கிரவா?"

"தூக்காதலே. அது வெளிநாட்டு வேலி. வேணும்னா ஏதாச்சும் பூவப் போடு."

முள்கம்பிமேல் ரோஜாக்கொடி ஓடவிட்டான். மேலே இரண்டு புறா. 'போலந்து கண்ட எங்கள் குலவிளக்கே, வருக வருக!'

"அவ வரலையேடா?"

"வருகன்னு போட்டாத்தான் அப்பத்தா பேனரு நிறையும்."

சூசையம்மாள் பேனரைவிட அகலம். மனம் குளிர்ந்தது.

ஜூன் 6

மூட்டு வலி. தைலம் தீர்ந்துவிட்டது. பேனர் கட்டியாயிற்று. டவுன் பஸ் திரும்பும் இடம். கண்டக்டரே எட்டிப் பார்த்தார்.

ஜூன் 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அடுப்பில் கறி. போன். ஜெனி. குரலே சரியில்லை.

"அம்மாச்சி, அந்தப் போட்டோவ யாருக்கும் காட்டலல்ல?"

"சேச்சே."

"கிழிச்சிருங்க. பஸ்ஸுல பாட்டுப் பாடிக்கிட்டே வந்தோம். இறங்குன உடனே எடுத்தது. அப்புறந்தான் உள்ள போனோம். யூத சனங்கள ரயில்ல அடைச்சுக் கொண்டாந்து கொன்ன எடம் அம்மாச்சி. ஒரு ரூம் பூரா செருப்பு. சின்னப் பிள்ளைக செருப்பு. நான் வெளிய நின்னு பல்லக் காட்டிருக்கேன். அம்மா எனக்குத் தெரியாம உங்களுக்கு அனுப்பிருச்சு. ஒருத்தர் பாத்தாக்கூட எனக்கு வெக்கம்."

"யாரு பாக்கப்போறா? நீ சாப்டியா?"

வைத்துவிட்டாள். கறி அடிப்பிடித்துவிட்டது.

மில் இல்லையாம். அந்த வேலிமேல்தான் பூப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டெல்லாவின் சிநேகிதிகள் இந்த ஊரில் பாதிப்பேர். ஒருத்தி பார்த்து லண்டனுக்குச் சொன்னால் போதும். அப்புறம் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது?

ஜூன் 12

பேனரைக் கழற்ற அந்தோணியைக் கையோடு கூட்டிப் போனேன்.

"கட்டி ஒரு வாரங்கூட ஆகல அப்பத்தா. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஏறுலே."

நினைத்தபடியே சூசையம்மாள் வந்தாள். "என்னக்கா, பேத்தி பெயிலாயிட்டாளா?"

"அது மில்லு இல்ல தாயி. துக்க வீடு." தெரிந்தவரைக்கும் சொன்னேன்.

"யூதருன்னா, நம்ம பாஸ்கா நாடகத்துல தாடி ஒட்டிக்கிட்டு பிலாத்து முன்னாடி ஏசுவச் சிலுவையில அறையச் சொல்லிக் கூச்சல் போடுவாகளே, அவுகளா?" அவள் வீட்டுக்காரருக்குத்தான் வருஷா வருஷம் அந்த வேஷம்.

"மாதாவும் அந்தச் சனந்தான். சூசையப்பரும் அந்தச் சனந்தான். ஓம் பேரே அவரு குடுத்ததுதான்."

சூசையம்மாள் பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"புள்ளைகளையுமாக்கா?"

"புள்ளைகளையுந்தான்."

கீழே இறங்கிய பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மண்ணில் படாமல் மடித்தோம். எப்படி மடித்தாலும் ஜெனி சிரிப்பு மேலே வந்தது. மூன்றாவது தடவை சூசையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். உடனே இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.

ஜூன் 13

சாயங்காலம் தூறல். மாட்டுக்கொட்டகைக்குமேல் விரிக்கப் பேனரைக் கேட்டான் அந்தோணி. நல்ல ஏச்சு வாங்கிப் போனான்.

ஜெனிக்கு எழுத வேண்டியது:

போட்டோவைக் கிழித்துவிட்டேன். (எழுதுவதற்கு முன் கிழிக்க வேண்டும். இன்னும் கை வரவில்லை.)

பேனர் பற்றி மூச்சு விடக்கூடாது.

உன் தாத்தா அடக்கத்தன்று பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தோம், உனக்கு ஞாபகம் இருக்காது. ஒருவர்கூடப் பல்லைக் காட்டவில்லை. உள்ளே போய்ப் பார்த்து வந்தபிறகு நீ அப்படி நின்று எடுத்தது ஏதாவது உண்டா? இருந்தால் அனுப்பு, வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன். சிரிக்கிற போட்டோவும் ஒன்று வேண்டும் கண்ணு. அதை உங்கள் வீட்டு வாசலில் நின்று எடு. இரண்டையும் ஒரே கவரில் தபாலில் போடு.