வெயில் தின்ற அளவு

எப்போதும் என் பக்கம் நின்று பேசிய மைனிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. உங்கள் மகள் வாய் ஓயாமல் பேசுகிறாள். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் தன் அப்பாவை 'அண்ணன்' என்றே கூப்பிடுகிறாள். அவனும் திருத்துவதில்லை. ஊரில் நாம் தமிழ்நாட்டோடு சேருவோமா மாட்டோமா என்பதுதான் பேச்சு. கோட்டாற்றில் அரிசி வாங்கப் போனால்கூட அதைப் பேசி முடிக்காமல் யாரும் தராசைத் தூக்குவதில்லை.

இதையெல்லாம் முதலில் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அடுப்பங்கரையில் நீங்கள் மீன் கழுவ, நான் பக்கத்தில் இருந்து கதைப் புத்தகம் வாசிப்பேனே, அப்போதும் சோகமான இடம் வரும் முன்பே நான் மெதுவாக வாசிப்பதைப் பிடித்துவிடுவீர்கள். "கொல்லப் போறாவளா? சட்டுன்னு வாசி பிள்ளே, தாங்க முடியல்ல" என்பீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மைனி. சட்டென்று சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் செய்யும் வேலையை நீங்கள் ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள், உங்கள் விரலிலேயே. குத்தி எடுத்த ரத்தத்தில் அளவாகக் கொஞ்சம் உறிஞ்சி அமிலத்தில் விட்டால் சற்று நேரத்தில் காப்பி நிறமாகும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் வாய் மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் காப்பி நிறம்தான் அளவு. நம் ரத்தத்தின் நிறம் அந்த நிறத்துக்கு வந்ததும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுவே ரத்தத்தின் பலம். நூறு என்றால் நிறைவு. எழுபதுக்குக் கீழே என்றால் வீட்டில் பிரசவம் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம்.

உங்களுக்கு எழுபத்துநான்கு என்று எழுதியது நான். அடுத்த மாதம் வீட்டில் உங்களுக்குப் பிரசவம் நடந்தது. ரத்தம் நிற்கவில்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது ரத்தம் பார்க்கும் மேசை அறையின் இருட்டு மூலையில் கிடந்தது. நிறத்தை ஒப்பிட வெளிச்சம் போதாது, தப்பு வந்துவிடும் என்று வாதாடி, அதை மேற்கு ஜன்னலோரத்துக்கு இழுத்துப் போடச் செய்தவள் நான்தான். வேலையில் எனக்கு மூத்தவரான தங்கையன் அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார். அன்று முதல் பெட்டி ஜன்னலோரத்திலேயே இருந்தது. மதியத்துக்குப் பிறகு வெயில் அதன்மேல் விழும். பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா?

பத்து நாளைக்கு முன் புதுப்பெட்டி ஒன்று வந்தது. சும்மா ஒரு ஆசையில் என் விரலைக் குத்தி இரண்டிலும் பார்த்தேன். பழையதில் எண்பத்துநான்கு. புதியதில் அறுபத்தாறு. உறிஞ்சிய அளவில்தான் தப்பு என்று மறுபடியும் பார்த்தேன். அதேதான்.

தங்கையன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புதுப்பெட்டிதான் கோளாறு," என்றார். "பழசு பத்து வருசமா எனக்க கையில இருக்கு."

"பழசு வெளுத்துப் போச்சோன்னு பயமா இருக்கு அண்ணே."

"வெளுக்கதுக்கு அது என்ன வேட்டியா? ஏட்டி, புத்தகம் படிச்சுப் படிச்சு உனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சு."

சொல்லிவிட்டு அவரும் தம் விரலைக் குத்திக்கொண்டார். பழையதில் தொண்ணூற்றெட்டு. புதியதில் எழுபத்தேழு. அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு யாருட்ட கேக்க?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தின்றது. எந்தப் பெட்டி சரி என்று இந்த இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. மூன்றாவது ஒன்று வேண்டும், நம்பக்கூடிய ஒன்று. ரத்தத்தைக் குப்பியில் அனுப்பினால் வழியில் கெட்டுப்போகுமோ என்று பயம். அதனால் நானே போனேன். காலையில் இரண்டு பெட்டியிலும் என்னைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பவர், "எந்தா அசுகம்?" என்று கேட்டார். ஒரு நோயும் இல்லை, அளவு சரிதானா என்று பார்க்க வந்தேன் என்றேன். "நாற்பது மைல் வந்தது இதுக்கா?" என்று சிரித்துவிட்டுத்தான் குத்தினார். அறுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மார்த்தாண்டம் தாண்டியதும்தான் நடந்தது முழுவதும் பிடிபட்டது. பழைய குழாய்க்குள் இருந்த நிறம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்திருக்கிறது. வெளுத்த நிறத்துக்கு ஒப்பாக வர அதிகத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் ஏற ஏற எண்ணும் ஏறும். ரத்தம் குறைந்தவர்களையெல்லாம் நல்ல பலம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். ஒரே நாளில் கெட்டிருந்தால் யாராவது கண்டிருப்போம். வெயில் அவசரப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் கை பழகுவதற்காக அவ்வப்போது என் ரத்தத்தையே பார்த்து நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். அன்றிரவு அதைத் தேடி எடுத்தேன். அறுபத்தாறு. அப்புறம் அறுபத்தெட்டு. அப்புறம் எழுபத்துமூன்று, எழுபத்தொன்பது, எண்பத்துநான்கு. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்கு ஒத்துக்கொண்டது என்று உங்களிடம்கூடச் சொன்னேன், நினைவிருக்கிறதா? உண்மையில் என் ரத்தம் ஒரு சொட்டும் ஏறவில்லை.

நீங்கள் வந்த மாதத்தில் நான் என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தியது எழுபத்துமூன்று, பிந்தியது எழுபத்தொன்பது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உங்கள் எழுபத்துநான்கு. கணக்குப் போட்டால் உங்களுக்கு உண்மையில் அறுபத்துநான்கு, அறுபத்தைந்து இருந்திருக்கும். எழுபதுக்குக் கீழே. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? ஆஸ்பத்திரியிலும் பெண்கள் சாகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளலாமா, மைனி?

டாக்டரம்மாவிடம் மறுநாள் காலையிலேயே சொன்னேன். நோட்டையும் இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"நீ இது சொல்லியில்லெங்கில், ஆருக்கும் தெரியாது, அல்லே?"

"தெரியாது டாக்டர்."

"அதாணு எனக்குப் பேடி," என்றார்.

பயத்துக்கு அவர்கள் நாட்டுச் சொல் அது. அவ்வளவு படித்தவர், கத்தியெடுத்து வயிற்றைக் கீறுகிறவர், அவரும் பயப்படுகிறார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. தரை இன்னும் கொஞ்சம் அசைந்தது போலிருந்தது.

ரெஜிஸ்டரை எடுத்து, இன்னும் பிரசவம் ஆகாதவர்களை எல்லாம் மறுபடி வரச் சொல்ல முடிவாயிற்று. பட்டியலை நான் எழுதினேன். நான்காவது பெயர் கனகம். உங்கள் தங்கைதான். அவளுக்கு இது முதல் பிரசவம், ஒன்பதாம் மாதம். போன கிழமை பழைய பெட்டியில் எழுபத்தெட்டு என்று எழுதி, வீட்டிலேயே பெறலாம் என்று நாங்கள்தான் அனுப்பியிருந்தோம்.

உங்கள் அம்மாவும் கனகமும் அடுத்த நாளே வந்தார்கள். புதுப்பெட்டியில் பார்த்தேன். அறுபது. தங்கையன் அண்ணன் தம் கண்ணால் ஒரு தடவை பார்த்தார். அவரும் அறுபது என்றார். டாக்டரம்மா அவளை அப்போதே படுக்கையில் சேர்த்துவிட்டார். வயலில் இறங்கும் பெண்களுக்கு வரும் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்திருக்கிறது என்று சொல்லி இரும்பு மருந்து தொடங்கியிருக்கிறார். நாள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும் என்று அவள் கணவனிடம் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, போன கிழமை எழுபத்தெட்டு. இண்ணைக்கு அறுபது. ஏழு நாளையில எனக்க பிள்ளைக்க ரெத்தம் எங்க போச்சு?"

"பெட்டியில கோளாறு அத்தே. இப்பதான் கண்டுபிடிச்சோம். இதுதான் சரி."

"கண்டுபிடிச்சிட்டியளே, அது போதும்." என் கையை விடவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கேட்டார். "மூத்தவளுக்கும் நீதானே பாத்த?"

"ஆமா அத்தே."

"அவளுக்கு அப்போ சரியாத்தான இருந்துது?"

நான் தலையாட்டினேன்.

மைனி, நான் பேசக்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். உங்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் கனகத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பழைய பெட்டி தெரியாமல் பொய் சொன்னது. நான் தெரிந்தே சொன்னேன்.

அதிலிருந்து நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என்னைச் சபிப்பார் என்ற பயமா? அண்ணன் என் முகத்தில் விழிக்கமாட்டான் என்ற பயமா? உங்கள் மகள் பெரியவளாகி ஒருநாள் கேட்பாளே, அந்தப் பயமா? எல்லாவற்றுக்கும் மேலாக, நான் தலையாட்டிய பாவத்தால் கனகத்துக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு மூடத்தனமான பயம். இதற்கெல்லாம் காரணகாரியம் கிடையாது என்று படித்திருக்கிறேன். படித்தது உதவவில்லை.

என் சங்கதியை யாரிடமும் சொல்லாத நான் இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதை வாசிக்கிற யாராவது ஒரு ஆஸ்பத்திரியில் இதே வேலை செய்யலாம். அவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பெட்டியும் நல்ல வெளிச்சத்தில் இருக்கலாம். தயவுசெய்து இன்றே இன்னொரு பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி இல்லையென்றால் உங்கள் விரலோடு நம்பகமான இடத்துக்குப் பஸ் ஏறுங்கள். வாரம் ஒரு தடவை உங்கள் ரத்தத்தைப் பார்த்து எழுதுங்கள். எண் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

கனகத்துக்கு இன்று மதியத்திலிருந்து இடுப்பு வலி. நான் இதை எழுதுவது பிரசவ அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில். என் எதிரே உங்கள் அம்மா கண்ணை மூடி ஜெபிக்கிறார். அவர் கண் திறப்பதற்காகக் காத்திருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்று மனசு சொல்கிறது. எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு, அவர் சிரிக்கும்போது சொல்லலாமாம். அப்படிச் சொன்னால் அவர் என்னை மன்னித்தே ஆக வேண்டியிருக்கும். அது அவருக்குச் செய்யும் இன்னொரு மோசம்.

அதனால் இப்போதே சொல்கிறேன், மைனி. பேனாவை மூடிவிட்டு எழுந்து போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தே, மூத்தவளுக்கு அப்போ சரியா இல்ல, நான் எழுதினது தப்பு" என்று வாய் திறந்து சொல்வேன். அவர் எழுந்து போகச் சொன்னால் போவேன், கனகத்துக்கு ரத்தம் பொருத்திப் பார்க்க வேண்டிவந்தால் கூப்பிடும் தூரத்தில் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
உங்கள் மகளை வளர்க்கும் அத்தை