தேர்மோஸ்டாட்டும் உன்மேல் போட்ட பழியும்

மச்சான், இந்த வருடக் குளிருக்கு இன்றுதான் முதல்முறை ஹீட்டரைப் போட்டேன். குழாய்களில் கிடந்த தூசி கருகி மணந்தது. உடனே நீ நினைவில் வந்து நின்றாய், ஏணியும் கையுமாக.

இருபது வருடத்துக்கு மேலாகிறது. மெல்பேர்னில் எங்களுக்கு அது மூன்றாவது குளிர்காலம். குறைமாதத்தில் பிறந்த மகள் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து நாலு நாள்தான். அந்த நாலு நாளும் ஹீட்டர் ஐந்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். பார்க்க வந்த தாதி பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டு, நாளைக்கும் வீடு இப்படிக் குளிர்ந்தால் திரும்ப ஆஸ்பத்திரிதான் என்றாள். என் மனைவி வதனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அழுதாள்.

வீட்டுச் சூட்டை அளந்து ஹீட்டரை ஓட்டி நிறுத்தும் தேர்மோஸ்டாட் பெட்டி, நடைச்சுவரில் நீ பூட்டித் தந்தது, யாரோ கழற்றி வைத்த பழசு. குமிழை முழுக்கத் திருகினேன், மூடியைக் கழற்றி ஊதினேன், வயர்களை இறுக்கினேன். ஒன்றும் சரிவரவில்லை. நீ வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கத்தினேன்.

"ஓசிச் சாமானைப் பூட்டி என்ர பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியோ?"

உன் முகம் செத்துப்போனது. அறையில் வெப்பமானியைப் பிடித்தாய்: பதின்மூன்று. தேர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாய்: முப்பத்திரண்டு. பிறகு கீழே பார்த்தாய்.

கீழே சாமித்தட்டு. எண்ணெய்ப்புகை பிள்ளைக்கு ஆகாது என்று அறையிலிருந்து கழற்றி, நான்தான் அங்கே கொண்டுவந்து அடித்திருந்தேன். நாற்பது நாள் நூராமல் அணையாமல் எரியவேண்டும் என்று வதனி நேர்ந்து ஏற்றிய விளக்கு, பெட்டிக்கு நேர் கீழே எரிந்துகொண்டிருந்தது. வீடே கொதிக்கிறது என்று நம்பி தேர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்திக்கொண்டிருந்தது.

விளக்கை எடுக்கப் போனேன். சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரனான நீதான் என் கையைப் பிடித்தாய்.

"விடடா. தங்கச்சி நேந்து வைச்சது. பெட்டியை அங்கால அரக்குவம்."

கூரைக்குள் ஏறி, குளிரில் கை விறைக்க வயர் இழுத்து, எதிர்ச்சுவரில் பூட்டினாய். ஹீட்டர் நிற்காமல் ஓடியது. பிள்ளையின் கால் சூடாகும்வரை மூவரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம்.

மறுநாள் உன்னைக் கூப்பிட எனக்கு வெட்கம். நீயே எனக்கு ஃபோன் எடுத்தாய். "பிள்ளை எப்பிடி?" அவ்வளவுதான். நான் சொன்ன சொல்லைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகு இருபது வருடமும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பாய், அப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். உன் சவப்பெட்டியை மூடும்போதும் பக்கத்தில்தான் நின்றேன், மச்சான். அப்போதும் சொல்லவில்லை.