ஒரு எட்டு

மார்ச் 3
கணினியில் உள்ள தசம எண்களை இலக்கங்களாக எழுதித் தருவதுதான், பல நிறுவனங்கள் பயன்படுத்தும் எங்கள் மென்பொருள் லைப்ரரியில் என் பகுதி. சுருக்கமாக எழுத வேண்டும். திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்க வேண்டும். புதிய பதிப்பு வெளியாகிவிட்டது. மிகச் சிறிய எண்களை இப்போது சுருக்கியே எழுதுகிறது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். என் கணவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆய்வுக் கப்பலில் இன்ஜினியர். சிக்னல் கிடைத்தால்தான் பேச்சு.

மார்ச் 6
கப்பல் இருக்கும் இடத்தை நிறுவனத்தின் இணையப் பக்கம் தினமும் காலையில் ஒரு புள்ளியாகக் காட்டும். நானும் அத்தையும் டீயோடு உட்கார்ந்து பார்ப்போம். மகன் தெற்கே போகப் போக அத்தையின் முகமும் சுருங்குகிறது. நாளை நிலநடுக்கோடு.

மார்ச் 7
புள்ளி எட்டு டிகிரி வடக்கே! நம் பக்கம்!
"திரும்பிட்டான்மா!" என்றார் அத்தை.
"இன்னும் தெரியல அத்தை" என்றேன். சொல்லிக்கொண்டே தலையணை உறையை மாற்றினேன். அவர் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டேன். எதுக்கு இவ்வளவு அவசரம் எனக்கு?

மார்ச் 8
நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "கப்பல் நிலநடுக்கோட்டுலதான் மேடம் நிக்குது."
அப்படியானால் அந்த எட்டு?
அந்த இணையப் பக்கத்துக்கு வந்த தகவலைத் திறந்து பார்த்தேன். 8e-05. அதாவது 0.00008. பக்கம் முதலில் இருந்த எட்டை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டிருக்கிறது. அப்படிச் சுருக்கி எழுதித் தந்தது என் லைப்ரரி.
அத்தையிடம் சொன்னேன். டீ டம்ளர்களைக் கழுவி வைத்தார். பிறகு, "அத அப்படியே விட்டுடேன்."

மார்ச் 9
கூட வேலை செய்பவர், "ஒழுங்கா படிக்காதது அவங்க தப்பு. நாம ஏன் மாத்தணும்?" என்றார்.
"அந்தப் புள்ளிய நம்பி யாராவது உதவிக்குப் படகு அனுப்பினா?"
பூஜ்ஜியங்களை முழுதாக எழுதும்படி மாற்றினேன். சோதனைகள் எல்லாம் தேறின. வெளியிட விரல் வரவில்லை. வெளியிட்டேன்.

மார்ச் 11
புள்ளி தெற்கே.

மார்ச் 14
கப்பலிலிருந்து பேசினார். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயுமா நம்பின?"
"உங்க சட்டையெல்லாம் தேச்சு வெச்சேன்."
சிரிப்பு நின்றது. கேட்கவே கூடாது என்றிருந்தேன், வாய் கேட்டுவிட்டது. "ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதா?"
"பாக்கறேன்."
எத்தனை 'பாக்கறேன்' பார்த்தாச்சு!

மே 2
அத்தை குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "ஏன்டா, கடல்ல பாக்காத தண்ணியா? சீக்கிரம் வா, அவ காத்துட்டிருக்கா."
நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.
தண்ணீர் நின்றுவிட்டது.