டொக்டர் துவக்கைப் பற்றிக் கேட்டார்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து ஈரப் பனி. லொங்குய்ய் மெற்றோ வரை நடை. குடையால் பயனில்லை. பிரஷர் பார்க்கும் நாள். இஸ்திரி போட்ட சேலை, முத்துத் தோடு. கசங்கிய உடுப்போடு டொக்டரிடம் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

டொக்டர் அபிராமி. யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்தது இங்கே. கெட்டிக்காரி. சப்பாத்துத் துடைப்பதில்லை.

பிரஷர் கூடியிருந்தது. நித்திரை எப்படி என்று கேட்டார். மகன் ஜெராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. அவன் மனைவி பிள்ளைகளோடு ரொறன்ரோ போய்விட்டாள். அதன் பிறகு அவன் வேலைக்குப் போவதில்லை. சவரம் இல்லை. என் வீட்டுப் பேஸ்மென்றே கதி.

"அன்ரி, ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது. வீட்டில துவக்கு இருக்கோ?"

"இல்லை."

வீடு வந்து சேலை மடிக்கும்போதுதான் உறைத்தது. இருக்கிறது. பேஸ்மென்ற் இரும்பு அலுமாரியில். ஜெராட் மான் வேட்டைக்கு வாங்கியது. வேலைத்தலத்துச் சில்வானோடு வருடாவருடம் போவான். லைசென்ஸ் உண்டு. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மட்டக்களப்பில் ஆமி வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்ட காலத்தில் பழகிய வாய். அதற்கு வேறு பதில் தெரியாது.

நவ. 19, புதன்

வாங்க: பால், லீக்ஸ், விளக்குமாறு.

உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். துவக்கு அவன் மடியில். துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேட்டை முடிஞ்சுதெண்டு சொன்னாய்."

"ஓம்."

"பின்ன ஏன் வெளியில எடுத்த நீ?"

"சும்மா. மேல போங்க அம்மா."

"சில்வானிட்டக் குடுத்து வை."

"ஏன், ஊரில மாதிரி இயக்கத்திட்டக் குடுக்கட்டுமா?"

சிரித்தான். பல் துலக்கி நாளாகியிருக்கும். தோய்க்கக் கொண்டுபோன உடுப்பை அங்கேயே மறந்து மேலே வந்துவிட்டேன். இரவு ஜெபமாலை பாதியில் நின்றது.

நவ. 20, வியாழன்

முன்பதிவு இல்லாமல் கிளினிக். வரவேற்பில் இருந்த பெண்: "ரந்தேவு இருக்கா, மதாம்?" இல்லை, காத்திருப்பேன் என்றேன். காத்திருந்தேன். பக்கத்தில் இருமிய பிள்ளைக்குக் கைக்குட்டை கொடுத்தேன், திரும்ப வாங்கவில்லை.

துவக்கு இல்லை என்று நான் சொன்னது தவறு, நேற்று அவன் மடியில் கண்டேன் என்று டொக்டரிடம் சொன்னேன். காரணமும் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை.

"சாவி ஆரிட்ட?"

"அவனிட்ட."

"குண்டு?"

"அதே அலுமாரி."

"சாகிறதைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?"

யோசித்தேன். போன ஞாயிறு, தேத்தண்ணி குடிக்கும்போது: "நான் இல்லாட்டி அக்காட்டப் போய் இருங்க." அப்போது நான் சீனி கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேனையைக் கீழே வைத்தார். "இதுகளைக் கேக்கிறதும் என்ர வேலைதான் அன்ரி, பிரஷர் பாக்கிற மாதிரி." அவனோடு முதலில் தான் கதைப்பதாகச் சொன்னார். ஆள் கிடைக்காவிட்டால் பொலிஸுக்குச் சொல்லச் சட்டம் டொக்டர்மாரை அனுமதிக்கிறதாம். "பிடிக்க வரமாட்டினம். துவக்கை எடுக்கத்தான்."

"உனக்குத் தெரியாது பிள்ளை. எங்கட ஊரில யூனிபோம் போட்டவனிட்டப் பேர் குடுத்தா ஆள் திரும்பி வராது."

"குடுக்காட்டியும் வராமப் போகலாம், அன்ரி."

ஜெராட்டின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு முன்னாலேயே அவனை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடியும் இல்லை. பிறகு பொலிஸ். தெருப் பெயரை நானே எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பிழை வரக்கூடாது.

"ஆர் சொன்னதெண்டு மகன் கேட்டா என்ர பேரைச் சொல்லுங்கோ, அன்ரி. திட்டு வாங்கிப் பழக்கம்."

வீட்டு வாசலில் பொலிஸ் கார். உள்ளே ஒரு பெண், ஒரு ஆண். சப்பாத்தோடு கம்பளத்தில். ஜெ. உயிரோடு, கதிரையில். சாவியைத் தானே கொடுத்திருக்கிறான். அவனோடு நெடுநேரம் கதைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், மறுத்தான். போனில் டொக்டரோடு கதைத்துத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்ன பிறகே போனார்கள். அந்தப் பெண் என்னிடம் "போன் சுவாரே, மதாம்" என்று மாலை வணக்கம் சொன்னாள். துவக்கு நீளப் பையில்.

நவ. 21, வெள்ளி

கம்பளம் கழுவினேன். சப்பாத்துக் கறை முழுதும் போகவில்லை.

"ஆர் சொன்னது? டொக்டரா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அனுமதியும் இருந்தது.

"நான்தான்."

அவன் சொன்னான்: "தலையாட்டி."

ஊரில் முகத்தை மூடிக்கொண்டு ஆமி ஜீப்பில் இருந்து, வரிசையில் நின்ற பொடியன்களைத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு அந்தப் பெயர். என் தம்பி அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. ஜெ.க்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

"ஓம். சோறு மேசையில."

நவ. 23, ஞாயிறு

தனியே பூசைக்கு. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. பாவமாகத் தெரியவில்லை. நெஞ்சு மட்டும் வலிக்கிறது, பிரஷராகவும் இருக்கலாம்.

ஜெ. கதைப்பதில்லை. கீழேயிருந்து தட்டு திரும்பி வந்தது. மீன் தொடவில்லை. சோறு பாதி போயிருந்தது.

வீட்டில் இருந்த மாத்திரைகளை என் அறையில் வைத்துப் பூட்டினேன். அதையும் டொக்டர் சொல்லியிருந்தார்.

நவ. 24, திங்கள்

வெயில். கடும் குளிர். டொக்டரிடம் போகும் நேரமாயிற்று என்று படிக்கட்டில் நின்று சொன்னேன். மறுபடி சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாகவேனும் போவது, அவன் வரவில்லை என்று டொக்டரிடம் நேரே சொல்வது என்று கதவைத் திறந்தால் அவன் எனக்கு முன்னே தெருவில். சவரம் இல்லை. தொப்பி இல்லை.

மெற்றோவில் என் பக்கத்தில் இருக்கவில்லை. பெட்டியின் மறு அந்தத்தில் இருந்தான். ஸ்டேஷன் பெயர் வாசிக்கிறேன் என்ற சாட்டில் ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கம் பார்த்தேன். அவன் இடையில் இறங்கவில்லை.