மூன்றாவது பிளக்

ஜூன் 10, செவ்வாய்

கராச்சர்மா ஏற்றத்தில் வண்டி இன்றைக்கும் இழுக்கவில்லை. குலுங்கியது, இருமியது, பாதியில் நின்றேவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான். பக்கத்து சீட்டில் இவர் இடது கையால் பானெட்டைக் காட்டி, "சாவி... சாவி" என்றார். சாவியை உருவி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இப்படித்தான். நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. இருபத்தாறு வருஷம் அரசு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்த மனுஷன். வண்டிக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அரை மணி நேரம் ஆற விட்டு, எப்படியோ தத்தித் தத்தி வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். இன்றைய பேச்சுப் பயிற்சி போயிற்று. முதல் ஆறு மாதத்தில் மீள்வதுதான் பெரும்பகுதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதம் முடியப் போகிறது.

ஜூன் 11, புதன்

மெக்கானிக் வந்து பார்த்தார். "பிளக் கராப். மூணும் மாத்தணும் மேடம், வாங்கி வைங்க, நாளைக்கு வந்து போட்டுர்றேன்" என்றார். சாயங்காலம் அவரே போன் செய்தார். வடக்கே டிக்லிபூரில் மாமனார் இறந்துவிட்டாராம். பத்து நாளாவது ஆகும். வேறு இரண்டு பேரிடம் கேட்டேன். வீட்டுக்கு வர ஆள் இல்லை, வண்டியைக் கொண்டுவா என்கிறார்கள். ஓடினால்தானே கொண்டுபோக?

ஜூன் 12, வியாழன்

ஆபீஸில் பர்மிஷன் போட்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். "எந்த வருஷ மாடல்?" என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். வெள்ளைக் கார் என்றேன். அவர் சிரிக்காதது அவருடைய நல்ல குணம். இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்றில் மரை நீளம், ஒன்றில் குட்டை. "யே பி சலேகா, வோ பி சலேகா." இதுவும் ஓடும், அதுவும் ஓடும். எப்படி இரண்டும் ஓடும்? இரண்டையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்றார்.

வீட்டில் மேஜைமேல் இரண்டையும் வைத்து, "எதுங்க?" என்றேன்.

நீளமானதை எடுத்தார். "ஆமா."

"இதுவா?"

"ஆமா." கீழே வைத்தார். குட்டையை எடுத்தார். "ஆமா, ஆமா."

"அப்ப அது இல்லையா?"

"ஆமா."

மேஜையை ஓங்கித் தட்டினார். பிறகு அழுதார். நான் பிளக்குகளை டப்பாவுக்குள் போட்டு மூடினேன். கேட்டிருக்கவே கூடாது. அவருக்குத் தடங்கல் இல்லாமல் வரும் ஒரே சொல் அது. இல்லை என்பதற்கும் அதுதான் வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

பயிற்சி இன்றும் இல்லை.

கோவிந்தராஜ் தம்பிக்குப் போன் செய்தேன். இவரோடு வொர்க்‌ஷாப்பில் பதினைந்து வருஷம் இருந்தவர். இப்போது தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில் வேலை. ஏழாவது தடவை லைன் கிடைத்தது.

"மதினி, பழைய பிளக்க கழத்தி புதுசு பக்கத்துல வச்சுப் பாருங்க. மரை நீளம் மாறவே கூடாது. நீளமா போட்டா பிஸ்டன்ல இடிச்சிரும். ஒண்ணொண்ணா கழத்துங்க, வயர் மாறிரும். இஞ்சின் ஆறி இருக்கணும். போடும்போது மொதல்ல கையால..."

கட்டாகிவிட்டது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

ஜூன் 14, சனி

எழுதத்தான் வேண்டுமா?

காலையில் வாசல் தகரக் கூரைக்குக் கீழே வண்டியை வைத்து இவரையும் நாற்காலியில் உட்கார வைத்தேன். இவருடைய டூல் பெட்டியிலிருந்து பிளக் ஸ்பானரை எடுத்தேன். முதல் பிளக் அசையவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, உடம்பை முழுக்கக் கொடுத்துத் திருகினேன். கிறீச்சென்று வந்தது. நுனியெல்லாம் கரி. நம்பர் அழிந்துபோயிருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், குட்டைதான். அந்த ஒரு நிமிஷம் எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

முதல் பிளக் சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதும். மூன்றாவது மட்டும் பிடிக்கவில்லை. கையால் திருகினால் அரைச் சுற்றில் நின்றது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிளக்கில் ஸ்பானரை மாட்டினேன்.

"ஆமா" என்றார் இவர்.

இன்னும் கொஞ்சம் திருகினேன். "ஆமா! ஆமா! ஆமா!"

சரி, உள்ளே போகட்டும் என்கிறார் என்று பலமாகத் திருகினேன். அவர் எப்படி எழுந்தார் என்று தெரியாது, ஊன்றும் கம்பில்லாமல் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் ஸ்பானர் திடீரென்று லேசாகிச் சும்மா சுற்றியது. பிளக் கோணலாக ஏறி, ஓட்டையின் மரையைத் தின்றுவிட்டது.

எனக்குத் தெரியாதா? முந்தாநாள் மேஜையில் கண்ணால் பார்த்தேனே. ஆனா அந்த நேரத்துல எனக்கு ஒரு ஆமா வேண்டியிருந்துச்சு. யாராவது சரின்னு சொல்லணும்னு இருந்துச்சு. ஒரு மெக்கானிக் நிறுத்து நிறுத்துன்னு கத்துறாரு, நான் பாட்டுக்கு முறுக்குறேன்.

ஜூன் 15, ஞாயிறு

ரெண்டு பேரும் பேசவில்லை. அவரால் முடியாது. நான்?

ஜூன் 20, வெள்ளி

பயிற்சிக்கு ஆட்டோவில் கூட்டிப் போகலாம் என்று பார்த்தேன். மழையில் சந்துக்குள் ஏற மாட்டேன் என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். குடையைப் பிடிப்பதா, இவரைப் பிடிப்பதா? ஆட்டோவில் கால் வைக்கும்போது இவர் வழுக்கி, முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம். டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கே திரும்பினோம்.

ஜூன் 24, செவ்வாய்

மெக்கானிக் டிக்லிபூரிலிருந்து வந்து பார்த்தார். இஞ்சினின் மேல்பாகம், அந்த ஹெட்டையே மாற்ற வேண்டும், மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும் என்றார். "யார் போட்டது இதை?" என்று கேட்டார். நான்தான் என்றேன். இவர் இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டினார். தான் போட்டதாகச் சொல்கிறார். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 2, புதன்

கோவிந்தராஜ் பேசினார். ஹெட் மாற்ற வேண்டாமாம், பழைய மரையை வெட்டி எடுத்து ஸ்லீவ் என்று ஒரு குழாய் மரையை உள்ளே இறக்கலாமாம். லீவு போட்டு அவரே வருகிறார். கப்பல் ஐந்தாம் தேதி.

ஜூலை 5, சனி

கடல் சரியில்லை. கப்பல் கிளம்பவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோவிந்தராஜ் நேற்று வந்து சேர்ந்தார். ஜெட்டியிலிருந்து நேராக இங்கேதான். இவரைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு இவர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "என்னண்ணே, கப்பல்ல ஒரே வாந்தி" என்று ஆரம்பித்து, கேள்வி என்று ஒன்றுமே கேட்காமல் கேம்பல் பே கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் ஒரு தடவை சிரித்தார்.

இன்று காலை வேலை. மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவி இறக்கினார், தூள் இஞ்சினுக்குள் விழாமல் ஒட்டிக்கொண்டு வருவதற்காக. ஒரு மணி நேரத்தில் ஸ்லீவ் உட்கார்ந்தது. புது பிளக்கை எடுத்தபோது இவர் உள்ளங்கையை நீட்டினார். கோவிந்தராஜ் தயங்கவில்லை, கொடுத்துவிட்டார்.

பானெட்டில் சாய்ந்துகொண்டு இடது கை விரல்களால் வைத்தார். இரண்டு தடவை நழுவியது. கோவிந்தராஜ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை பிடித்தது. நாலு சுற்று. அதற்குமேல் விரல் ஒத்துழைக்கவில்லை. மீதியை நான் கையாலேயே திருகினேன், முட்டியதும் ஸ்பானரால் அரைச் சுற்று.

வண்டி ஒரே அடியில் பிடித்தது.

"அண்ணனுக்கு கை போகல மதினி" என்றார் கோவிந்தராஜ். ஆறு மாதம் நேற்றோடு முடிந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஐந்து வாரத்துக்குப் பிறகு பயிற்சி. படங்களைக் காட்டிக் கேட்டார்கள். பசுவுக்கும் குடைக்கும் இவர் ஒரே சொல்லைச் சொன்னார். முடிந்ததும் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உமா அக்கா, இனிமே மாசம் ஒருக்க வந்தாப் போதும்." விடாமல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றாள். கருணையாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மின்னி பே பக்கம் போய்க் கடலோரமாக நிறுத்தினேன். சமோசா வாங்கினேன். நோய் வந்தபின் யார் முன்னாலும் சாப்பிடாதவர், கதவைத் திறந்து காலை வெளியே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பாதி சட்டையில் விழுந்தது. போகிறவர்கள் பார்த்தார்கள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

ஐந்தரைக்கே இருட்ட ஆரம்பித்தது. கிளம்பும்போது மழை. என் கை அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றப் போனது. அதற்குள் அவரே இடது கையால் பிடியைச் சுற்றினார். கடைசி இரண்டு விரல்கடை ஏறவில்லை. நான் தொடவில்லை. வீடு வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் நனைந்தோம்.