வெங்காயத் தோல் தண்ணீரும் உங்கப்பா காலும்

ஜோகுபாளையம்,
பெங்களூர்.

அன்புள்ள ரூபினிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுத மாட்டேன். உன்மேல் எனக்கு வயிறெரிகிற கோபம். வீடியோ போனில் சொல்லலாம் என்றால் உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, காலை மறைத்து முகத்தை மட்டும் காட்டிச் சிரிக்கிறார், அதனால்தான் இதை எழுதி உன் தம்பி தினேஷைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

போன மாதம் உன் லேபிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாயே, கண்ணாடித் தட்டில் வெங்காயத் தோல் சாறு விட்ட இடத்தைச் சுற்றிக் கிருமியெல்லாம் செத்து வட்டமாகத் தெரிகிறது என்று. நீங்க மூட்டை மூட்டையா கொட்டுற தோல்ல மருந்து இருக்குப்பா என்று வேறு சொன்னாய். வைட்ஃபீல்ட் ஆபீஸ் கேன்டீன்களுக்குக் காய் நறுக்கித் தருகிற அவர் ஷெட்டில் அதை அவர் காட்டாத ஆள் இல்லை. அப்புறம் கால் கட்டைவிரலில் கத்தி விழுந்தது. சர்க்கரை உடம்பு. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஷெட் தரையில் கிடந்த தோலை அள்ளிவந்து கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் புண்ணில் கட்டிக்கொண்டார். எத்தனை பேர் செருப்புக் காலோடு மிதித்த தோல், அய்யோ! கேட்டால், என் பொண்ணு கண்டுபுடிச்சது, உனக்கு இன்னாடி தெரியும் என்கிறார்.

இப்போது விரல் கறுத்துவிட்டது, நாற்றம் தாங்கவில்லை. உடனே அட்மிட் ஆகணும், லேட் பண்ணா காலையே எடுக்க வேண்டி வரும்மா என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் கத்தினேன், கெஞ்சினேன், மனுஷன் அசையவில்லை. பக்கத்து வீட்டு சின்னத்தாயி அக்கா வந்து கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனா ரூபினி படிப்பு பொய்னு ஷெட்டுல சிரிப்பானுங்கக்கா என்று சொல்லி அழுதார். அடிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாறை இன்னும் எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கலடா என்று தினேஷிடம் சொன்னாயாமே, அப்பா சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல என்றாயாமே. பெரிய மனசுதான் போ! அவர் உன் மானத்தைக் காப்பாற்றுகிறார், நீ அவர் சந்தோஷத்தைக் காப்பாற்றுகிறாய், அந்தக் காலை யார் காப்பாற்றுவது?

நீ நன்றாக இரு, படிப்பை விட்டுவிடாதே. இதைப் பார்த்ததும் எனக்குப் போன் செய்யாதே, அவருக்குச் செய். அது இன்னும் மருந்து ஆகலப்பா, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று உன் வாயால் சொல். தினேஷ் ஆட்டோ கூட்டி வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
பாஞ்சாலி